காப்பு அவிழ்க்கும் நாள் எது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிளேர்வுட் பகுதியில் இருக்கும் எங்கள் கிடங்கை மூடிவிட்டு கேட்டோ ரிட்ஜுக்குப் போகிறோம் என்று நிர்வாகத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். எப்போது, யார் யார், யாருக்கு வேலை மிஞ்சும், எதுவும் அதில் இல்லை. மறுநாளே தேநீர் வேளையில் எல்லார் வாயிலும் ‘செக்‌ஷன் 189’தான். ஆட்குறைப்புக்கு முன் தொழிலாளர்களோடு கலந்து பேச வேண்டும் என்று 1995 தொழிலுறவுச் சட்டம் சொல்லும் பிரிவு அது. டர்பனில் அந்த எண்ணைக் கேட்டாலே வயிறு கலங்கும்.

நான் அங்கே ஷிஃப்ட் மேற்பார்வையாளர். படித்தது மானிடவியல், மனிதர்கள் கூடி வாழும் விதத்தையும் வழக்கங்களையும் ஆராயும் படிப்பு. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த மாக்ஸ் க்ளக்மன் என்ற மானிடவியலாளர் 1938 ஜனவரி 7 அன்று, சூலு மக்கள் வாழும் சூலுலாந்தில் ஒரு பாலத் திறப்பு விழாவுக்குப் போனார். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் யாரோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த ஒரு நாளை வைத்தே அங்கிருந்த சமூகம் முழுவதையும் விளக்கினார். சரி, நாமும் முதலில் பார்ப்போம் என்று மூன்று வாரம் தேநீர் மேசையில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களும் சரக்கு சரிபார்க்கிறவர்களும் தனித்தனியாக உட்காரத் தொடங்கியிருந்தார்கள். பழைய ஆட்கள் புதுப் பையன்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள், கற்றுக்கொடுத்தால் தன் இடம் போய்விடும் என்ற பயம். நிர்வாகம் அனுப்பிய கேள்வித்தாளில் இதை ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் ஒரு பையன் நேராகவே கேட்டுவிட்டான், “ஆன்ட்டி, யாரை அனுப்பணும்னு லிஸ்ட் எடுக்கிறீங்களா?” அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு காலத்தில் மானிடவியலாளர்கள் எழுதியதை ஆட்சியாளர்கள் மக்களை அடக்கப் பயன்படுத்தியதும் உண்டு, அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மறுநாள் நோட்டை மேசையில் வைத்தேன், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பென்றால் கோடு போட்டு அடிக்கலாம் என்றேன். அடித்தார்கள். அதற்கப்புறம்தான் உண்மையான பேச்சே வந்தது.

பழைய நிலையிலிருந்து பிரிவது, இடையில் நிற்பது, புதியதில் சேர்வது என்று சடங்குகளை மூன்று கட்டமாகப் பிரித்தவர் வான் ஜெனெப் என்ற ஆய்வாளர், 1909இல். பிறகு விக்டர் டர்னர் என்ற மானிடவியலாளர் இன்றைய சாம்பியாவில் என்டெம்பு மக்களோடு இருந்து அந்த நடுக்கட்டத்தை ஆழமாக எழுதினார். நமக்கு இது புதிதா என்ன? வாசற்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று எங்கள் பாட்டி திட்டுவார். தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டினால் 10 நாள் விரதம், என்ன சாப்பிடலாம், எங்கே படுக்கலாம் எல்லாம் தெரியும், கூட விரதம் இருக்க ஆட்கள் உண்டு, காப்பு எந்த நாள் அவிழும் என்பதும் தெரியும். அதனால்தான் அவ்வளவு கடுமையையும் தாங்குகிறோம். அலுவலகம் எங்களுக்குக் காப்பை மட்டும் கட்டிவிட்டுப் போய்விட்டது.

எனக்கு வழி காட்டியவர் 30 வருடம் வேலை பார்த்த ஒரு சூலு பெரியவர், எல்லாரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். சூலு வழக்கத்தில், வெளியூரில் ஒருவர் இறந்தால் உம்லஹ்லன்கோசி மரக்கிளையை எடுத்துப் போய் அவர் ஆவியை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். வழியெல்லாம் கிளையோடு பேசிக்கொண்டே வர வேண்டும், இப்போது வண்டியில் ஏறுகிறோம், இப்போது ஆற்றைக் கடக்கிறோம் என்று. “எங்களோடு அப்படி ஒருவரும் பேசவில்லையே” என்றார் பாபா.

நிர்வாகத்திடம் போய் நான் கேட்டது அதைத்தான். ஒவ்வொரு வெள்ளியும் மேலாளர் நேரில் வந்து எது முடிவாகிவிட்டது, எது இன்னும் முடிவாகவில்லை, அது எந்தத் தேதிக்குள் முடிவாகும் என்று சொல்ல வேண்டும். முதல் வெள்ளி அவருக்குச் சொல்ல அநேகமாக ஒன்றுமே இல்லை, இருந்தும் வந்து அதையே சொன்னார். மூன்றாம் வாரம் ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் இருவர் பழையபடி அந்த மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். வேலை போனவர்களும் உண்டு, அந்த வலியை எந்தச் சடங்கும் ஆற்றாது. ஆனால் அவர்கள் அதை வதந்தியில் கேட்கவில்லை, முகத்துக்கு நேராகக் கேட்டார்கள்.

கடைசி லாரியில் பழைய பெயர்ப்பலகையை பாபா தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கேட்டோ ரிட்ஜுக்குப் போகும் என்3 நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.