பெர்லினில் ஓர் அறை

பெர்லினில் எனக்குக் கிடைத்ததே ஒன்றரை நாள்தான். அதில் அரை நாள் ஒரே அறையில் போய்விட்டது. வருத்தமே இல்லை.

நோயே நேஷனல்கேலரி, மீஸ் வான் டெர் ரோஹே வடிவமைத்து 1968இல் திறக்கப்பட்ட கலை அருங்காட்சியகம். மேல்தளம் முழுக்கக் கண்ணாடி. படிகளில் இறங்கினால் கீழ்த்தளத்தில் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் 100 படைப்புகள். 2023இல் தொடங்கிய கண்காட்சி அது. மற்றவற்றை வேகமாகக் கடந்து 'பிர்கெனாவ்' அறைக்குப் போனேன்.

நான்கு கேன்வாஸ்கள். ஒவ்வொன்றும் 260 செ.மீ. உயரம், 200 செ.மீ. அகலம். கறுப்பு, சாம்பல், வெள்ளை. இடையிடையே சிவப்பும் பச்சையும். கிட்டே போய்ப் பார்த்தேன். ஈரச் சாயத்தைப் பட்டையால் இழுத்து வழித்த தடம் அப்படியே இருக்கிறது. கறுப்பு உரிந்த இடத்தில் நகக்கீறல் அளவுக்குப் பச்சை எட்டிப் பார்க்கிறது.

அடியில் வேறொன்று இருக்கிறது. 1944 ஆகஸ்டில், பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் நாஜிகளின் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் கொலைமுகாமுக்குள் ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்கள். பற்பசைக் குழாய்க்குள் ஒளித்துத்தான் ஃபிலிமை வெளியே கடத்தினார்கள். ரிக்டர் அந்தப் படங்களை கேன்வாஸில் வரைந்து பார்த்தார், திருப்தியில்லை. மேலே சாயம் பூசி, வழித்து, திரும்பப் பூசி, 2014இல் முடித்தபோது கீழே இருந்த உருவம் சுத்தமாக மறைந்துவிட்டது. நம் அகப்பாடல்களில் உள்ளுறை என்பார்களே, அதைவிடக் கடினம் இது. இங்கே உள்ளே இருப்பதை ஊகிக்க மேற்பரப்பில் ஒரு குறிப்புகூடக் கிடையாது.

அப்படியானால் பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் கியூரேட்டரின், அதாவது கண்காட்சியை அமைப்பவரின், வேலை வருகிறது. அதே அறையில் அந்த நான்கு புகைப்படங்களின் பிரதிகளையும் மாட்டியிருக்கிறார்கள், சின்னதாக. அவை இல்லாவிட்டால் இவை அழகான அருவ ஓவியங்கள், அவ்வளவுதான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஜார்ஜ் திதி-யூபர்மான் இந்தப் புகைப்படங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டு படங்களைச் சுற்றிக் கனத்த கறுப்பு இருக்கும். விஷவாயுக் கூடத்தின் இருட்டுக்குள் மறைந்து நின்று எடுத்ததால் வந்த கறுப்பு. பலர் அதை வெட்டிவிட்டுத்தான் அச்சிட்டார்கள். வெட்டினால் எடுத்தவனின் உயிர்ப்பயமும் சேர்ந்து போய்விடும் என்பது அவர் வாதம். ஆஷ்விட்ஸுக்குப் பின் கவிதை எழுதுவது காட்டுமிராண்டித்தனம் என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் அடோர்னோ எழுதியதைப் படித்திருக்கிறேன். ஆனால் எதைக் காட்டலாம், எவ்வளவு காட்டலாம் என்ற கேள்வி ஒரு படத்தின் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும் என்று இங்கே வந்துதான் புரிந்தது.

ஓவியங்களுக்கு எதிர்ச்சுவரில் சாம்பல் நிறக் கண்ணாடி, அதுவும் நான்கு பகுதியாக. திரும்பினால் ஓவியங்களோடு சேர்ந்து நாமும் அதில் மங்கலாகத் தெரிகிறோம். ஒரு பெண் பழக்கத்தில் முடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். பின்னால் தெரிந்ததைப் பார்த்ததும் மெதுவாக இறக்கிக்கொண்டார். விளக்கப் பலகையில் எத்தனை பத்தி எழுதினாலும் அதைச் செய்திருக்க முடியாது.

கிளம்பும்முன் ஒரு புகைப்படத்திடம் மட்டும் திரும்பப் போனேன். குறிபார்க்க நேரமில்லாமல் அவசரத்தில் எடுத்தது. சாய்ந்த மரக்கிளைகள், மீதி வெறும் வானம்.