தண்ணீரை உடைக்கும் குமிழிக் கருக்கள்: நாட்குறிப்பு

மார்ச் 3

20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் ஆவியழுத்தம் 2.3 கிலோபாஸ்கல். அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கினாலே குழாய்த் தண்ணீரில் கேவிட்டேஷன் (கொதிக்க வைக்காமலே, அழுத்தம் குறைவதால் மட்டும் தண்ணீருக்குள் குமிழிகள் பிறப்பது) தொடங்கிவிடும். ஆனால் 1950-இல் இயற்பியலாளர் பிரிக்ஸ் நுண்குழாயைச் சுழற்றிச் சோதித்த சுத்தமான தண்ணீர் 250 வளிமண்டலத்துக்கும் மேலான இழுப்பைத் தாங்கியது. இவ்வளவு வித்தியாசத்துக்கும் காரணம் தண்ணீரில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் வாயுக் கருக்கள்தான், அதாவது குமிழிகள் வளரத் தொடங்கும் நுண்ணிய வாயுத் துளிகள்.

மார்ச் 4

இன்று கணக்கு மட்டும். வளிமண்டல அழுத்தம், 20 டிகிரி, பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.0728 நியூட்டன். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள காற்றுக் குமிழி, அழுத்தம் 0.3 கிலோபாஸ்கலுக்கு இறங்கியதும் கட்டுக்கடங்காமல் ஊதும். 1 மைக்ரோமீட்டர் குமிழிக்கு மைனஸ் 41 கிலோபாஸ்கல் வரை இழுக்க வேண்டும், 0.1-க்கு மைனஸ் 540. சிறியதாக ஆக ஆகப் பரப்பு இழுவிசையின் பிடி இறுகுகிறது: 1 மைக்ரோமீட்டரில் மட்டுமே உள்ளே 146 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம். இந்தக் கூடுதலைக் குமிழிக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தத்தில் சேர்க்க மறந்தால் விடை தவறிவிடும்.

மார்ச் 6

அந்தப் பிடியே குமிழியைக் கரைத்தும் விடுகிறது. காற்று நிறைந்த தண்ணீரில்கூட 10 மைக்ரோமீட்டர் குமிழி சில விநாடிகளில் மறையும். பெரியது மிதந்து வெளியேறும். பின் கரு எப்படித் தங்குகிறது? தண்ணீர் ஒட்டாத தூசியின், சுவரின் விரிசல்களில். அங்கே நீர்ப்பரப்பு வாயுவுக்குள் புடைத்து நிற்பதால் பரப்பு இழுவிசை வாயுவை நசுக்குவதில்லை. ஆய்வாளர் ஹார்வியின் குழுவினர் 1944-இல் சொன்ன விளக்கம் இது. தண்ணீரைச் சில நூறு வளிமண்டலம் அழுத்தி விடுவித்தால் கருக்கள் கரைந்து, அதே தண்ணீர் கூடுதல் இழுப்பைத் தாங்குகிறது.

மார்ச் 9

40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் தொட்டி. ஒலி அலையால் கேவிட்டேஷன் குமிழிகளை எழுப்பி, அவை சுருங்கி நொறுங்கும் அடியால் அழுக்கை எடுக்கும் கருவி இது. புதிதாக ஊற்றிய தண்ணீரில் உடனே பொருளைக் கழுவப் போடக் கூடாது. 50 டிகிரிக்குச் சூடாக்கி, சில துளி சோப்புக் கரைசல் விட்டு, விட்டுவிட்டு 10–15 நிமிடம் ஓட்ட வேண்டும். கரைந்த காற்று குமிழிகளுக்குள் ஊறும்; அவை ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே வந்து வெடிக்கும். இந்த அதிர்வெண்ணில் ஒத்திசைவு ஆரம் (அலையோடு சேர்ந்து மிக வலுவாக அதிரும் குமிழியின் ஆரம்) சுமார் 80 மைக்ரோமீட்டர். அதைவிடப் பெரியவை அலையின் அழுத்தம் மாறாத இடங்களுக்குத் தள்ளப்பட்டு வேலைக்கு உதவாமல் போகும்.

காற்றை எடுக்காவிட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, சுருங்கும் குமிழிக்குள் காற்று மெத்தைபோல் நின்று அடியைத் தணிக்கும். இரண்டு, குமிழித் திரள் ஒலியை விழுங்கும்: 1 சதவீதக் குமிழி இருந்தாலே ஒலிவேகம் விநாடிக்கு சுமார் 1,500 மீட்டரிலிருந்து 100 அளவுக்கு விழும்.

சோதிக்க: மெல்லிய அலுமினியத் தாளை அடித்தட்டில் படாமல் செங்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்டவும். காற்று போன தண்ணீரில் தாள் முழுக்கப் புள்ளிப் பள்ளமும் கிழிசலும். போகாததில் அங்கொன்றும் இங்கொன்றும். இரவு திறந்து வைத்தால் காற்று மீண்டும் கரையும், மறுநாள் மறுபடி எடுக்க வேண்டும்.

மார்ச் 10

காற்றை மிகையாக எடுத்து, தண்ணீரை வடிகட்டியும் விட்டால் கரு குறைந்து, கேவிட்டேஷன் தொடங்கவே அதிகத் திறன் வேண்டியிருக்கும்.

மார்ச் 12

அணைக் கலிங்கில் தேவை நேரெதிர்: கேவிட்டேஷனின் அடி கான்கிரீட்டை அரிக்காமல் தணிய வேண்டும். அங்கே காற்றை வேண்டுமென்றே புகுத்துகிறார்கள். சுவரையொட்டி ஓடும் தண்ணீரில் 7 சதவீத அளவு காற்று இருந்தால் கான்கிரீட் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும் என்று 1953-இல் பொறியாளர் பீட்டர்கா காட்டினார். 1983 வெள்ளத்தில் அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையின் கலிங்குச் சுரங்கங்கள் குழிபறிந்தபின் அங்கும் காற்றைப் புகுத்தும் பள்ளங்கள் வெட்டப்பட்டன. பம்பில் இந்த வைத்தியத்துக்கு வரம்பு உண்டு: உறிஞ்சு பக்கம் மிகச் சிறிதளவு காற்று விட்டால் இரைச்சல் தணியும், சில சதவீதத்தைத் தாண்டினால் சுழலியின் கண்ணில் (தண்ணீர் நுழையும் நடுத்துளையில்) காற்று தேங்கி, பம்ப் தண்ணீரை ஏற்றுவதே சரியும்.