தஞ்சாவூர் இல்லாத சுவர்

சிங்கப்பூரிலிருந்து சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். புறப்படுவதற்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். கூட்டம் போடுவதே அதற்காகத்தான். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இருந்தும் அந்த மைசூர்ப் பயணக் கூட்டத்தை நினைத்தாலே மனம் அதே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

விசா, பெட்டி எடை, மாத்திரைச் சீட்டு எல்லாம் முடிந்து, பேச்சு மைசூருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்திருந்தது. தரியா தௌலத் பாக், 1784இல் திப்பு சுல்தான் காவிரித் தீவில், தோட்டத்துக்கு நடுவே கட்டிய கோடை மாளிகை. அரண்மனை என்றதும் மைசூர் அளவுக்கு எதிர்பார்த்துப் போகிறவர்கள் வாசலிலேயே முகம் சுளிப்பார்கள் என்பதால் நான் முன்னாடியே சொல்லிவிடுவேன்: சின்னக் கட்டடம்தான், சுற்றிலும் பச்சைத் திரை தொங்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டு ஓவியம் வெளுத்துவிடக் கூடாது என்றுதான் அந்தத் திரை. உள்ளே போனால் தேக்குத் தூண், மேல்தளம், சுவர் என்று கையகல இடம்கூட விடாமல் பூவும் கொடியுமாக வண்ணம். இன்று அது தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள திப்பு சுல்தான் அருங்காட்சியகம். காசு, சித்திரம், உடை என்று பல இருந்தாலும், அங்கே பார்க்க வேண்டியது அந்தக் கட்டடத்தைத்தான் என்பது என் எண்ணம்.

மேற்குச் சுவரின் படத்தைத் திரையில் போட்டேன். இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுதான் பேசுவேன். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். மைசூரை ஆண்ட ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கிய நாள். சதுரமாக அணிகட்டி நிற்கும் படைக்கு நடுவே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. காயம்பட்ட பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கிறார். ஐதர் பக்கம் நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கியில் பார்க்கிறார். திப்பு கையில் ரோஜாவோடு வருகிறார், ஏதோ தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்போல.

முன்வரிசையில் இருந்த அம்மா அப்போதுதான் கேட்டார். “தம்பி, இந்த ஐதர்தானே தஞ்சாவூர்ச் சீமையைக் கொளுத்துனவரு? எங்க அப்பாயி ஐதர் கலாபம்னு சொல்லும். அது இந்தச் சுவத்துல இருக்கா?”

“அது வேற கதைம்மா, போகும்போது பஸ்ல பேசுவோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் அந்த வழி தெரியும். நான் போகவில்லை.

இல்லைம்மா, அந்தச் சுவரில் தஞ்சாவூர் இல்லை என்றேன். அதோடு நிறுத்தாமல் மேலேயும் சொன்னேன். 1780 ஜூலையில் ஐதர் படை கணவாய் வழியாகக் கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்த நம் தமிழ் ஊர்களுக்கு அப்போது அதுதான் பெயர். மறு ஆண்டு அந்தப் படை தஞ்சாவூர் வரை போனது. ஊர்கள் எரிந்தன, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், வயல் தரிசானது, பஞ்சம் வந்தது. 1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையை வளைத்துப் பிடித்தவர் திப்புவேதான். அப்புறம் அந்த அம்மா கேட்காத ஒன்றையும் சேர்த்தேன்: பெய்லியோடு அன்றைக்கு நின்ற ஏறக்குறைய 3,800 பேரில் பெரும்பாலோர் சென்னைப் படையில் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள். அந்தச் சதுரத்துக்குள் செத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு.

இரண்டாவது வரிசையில் இருந்த பாய் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் கொடுக்க வந்த அன்றே, கும்பஸில் திப்புவும் அவருடைய பெற்றோரும் அடங்கியிருக்கும் இடத்தில் நின்று ஓத வேண்டும், அதற்காகத்தான் வருகிறேன் என்று சொன்னவர். நான் முடித்ததும் கேட்டார்: “வெள்ளக்காரன் செஞ்சதையும் சேத்துச் சொல்லணும்ல தம்பி? கோட்டை விழுந்த அன்னிக்கு அந்த ஊர என்ன பண்ணாங்கன்னு சொல்லலையே.”

நியாயமான கேள்வி. 1799 மே 4, திப்பு விழுந்த அன்று இரவு கம்பெனிப் படை ஊரைக் கொள்ளையடித்தது என்று சொன்னேன். அதற்குப் பிறகு இதே கோடை மாளிகையில்தான் கம்பெனிப் படையின் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி குடியிருந்தார் என்பதையும் சொன்னேன். பாய் “சரி தம்பி” என்றார். அதற்குள் அந்த அம்மா பின்னால் திரும்பி, “நான் சும்மா கேட்டேன் பாய், மனசுல வச்சுக்காதீங்க” என்றார். இரண்டு பேரும் ஒரே புளோக்கில் பல காலமாகக் குடியிருப்பவர்கள். பேர் கொடுக்க வந்ததும் ஒன்றாகத்தான். கூட்டம் முடியும்வரை அந்த அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை.

என்னைக் குடைவது பாயின் கேள்விகூட இல்லை, அந்த அம்மா சொன்ன சமாதானம். தன் அப்பாயி சொன்னதைக் கேட்டதற்கு அவர் ஏன் மன்னிப்பு கேட்கும் குரலில் பேச வேண்டியிருந்தது? நான் சொன்ன விதத்தில் அது யாரோ ஒருவர் மேல் வைத்த குற்றச்சாட்டாகிவிட்டதா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சுவர் யாருக்கெல்லாம் இடம் கொடுத்தது என்று பாருங்கள். வெற்றி பெற்ற திப்பு வரையச் சொன்னார். வெல்லெஸ்லி அதைப் புதுப்பிக்கச் செய்தார். மறுபடியும் மங்கிப்போனதை 1855இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு திரும்ப வரையச் சொன்னார். தங்கள் தோல்வியைக் காட்டும் படத்தை ஆங்கிலேயரே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பெய்லி கைதியாக அந்த ஊரிலேயே 1782இல் செத்தார், அவருக்கும் அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. ஊர் எரிந்தபோது ஓடிய குடியானவர்களுக்கு மட்டும் சுவரும் இல்லை, மண்டபமும் இல்லை. மாளிகையைத் தொட்டு ஓடும் காவிரிதான் கீழே தஞ்சாவூருக்கும் போகிறது என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் பெருமையாகச் சொல்கிறவன். அந்தத் தண்ணீரின் மறுமுனையிலிருந்து ஒருவர் கேட்கும்போது பஸ்ஸில் பேசுவோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதையும் யோசிக்கிறேன்: இங்கே சிங்கப்பூரில், கம்போங் கிளாமில் மலாய் சுல்தான் குடும்பத்தின் பழைய அரண்மனை இன்று மலாய் மரபுடைமை நிலையம். குழுக்களை அங்கே கூட்டிப்போகும்போது, வாரிசுக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்ததையும், 1999க்குப் பிறகு வெளியேற வேண்டி வந்ததையும், 2005இல் நிலையம் திறந்ததையும் தயங்காமல் சொல்வேன். யாரும் முகம் வாடியதில்லை. அப்படிச் சொல்வது எனக்குச் சுலபமாக இருப்பதற்கு, கேட்பவர்களில் யாருக்கும் அந்த வீட்டோடு ஒட்டு இல்லை என்பதுதான் காரணமோ? அப்படியானால் என் துணிச்சலை நானே நம்ப முடியாது. சிங்கப்பூரில் இனம், மதம் தொட்ட பேச்சு என்றால் நாம் எல்லாரும் ஒரு மூச்சு நிதானித்துத்தான் பேசுகிறோம். அதைக் கோழைத்தனம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த நிதானத்தால்தான் அந்த அம்மாவும் பாயும் இத்தனை காலம் ஒரே லிஃப்டில் சிரித்துப் பேசிக்கொண்டு போய்வருகிறார்கள்.

நடந்ததை எங்கள் அலுவலகத்தில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். எனக்கு முன்பிருந்தே குழுக்களை அழைத்துப் போகிறவர். “பதில் சொன்னது சரி. ஆனா அந்தம்மாகிட்ட மட்டும் தனியாச் சொல்லியிருக்கலாம்” என்றார்.

அவர் சொல்வதில் இருக்கும் கனிவு எனக்குப் புரிகிறது. ஆனால் புள்ளலூர் வெற்றியை எல்லாருக்கும் கேட்க மைக்கில் சொல்லிவிட்டு, தஞ்சாவூரை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்வது எப்படி என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ பாய்கிட்டயும் போய்ப் பேசு” என்றார். பேசத்தான் வேண்டும். என்ன சொல்லித் தொடங்குவது என்பதில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.