மூத்தவர்களின் பட்டறைக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதிய அனுபவம்

எங்கள் சமூகப் பட்டறையில் மரவேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். அங்கே பாதுகாப்பு விதிகளை எழுதி நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததைப் பகிர்கிறேன்.

முதல் கூட்டத்திலேயே பேச்சு வயதில் போய் நின்றது. 75க்கு மேற்பட்டவர்கள் வட்ட ரம்பத்தைத் தொடக் கூடாது என்றார் ஒருவர். மூத்த உறுப்பினர் ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, உளி பிடிச்சுப் பிள்ளைகளைப் படிக்க வச்ச கை இது. வயசைக் கேக்காதீங்க, வேலையைப் பாருங்க" என்றார். அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது. நடுங்காத கையும் தெளிவான கண்ணும் உள்ள 80 வயதுக்காரர் இருக்கிறார். அவசரக் கை உள்ள 40 வயதுக்காரரும் இருக்கிறார். அதனால் வயது வரம்பு வேண்டாம், ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி அனுமதி, அதை ஆண்டுக்கொரு முறை எல்லோரும் செய்துகாட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவானது. எல்லோரும் என்றால் நானும்தான்.

அப்புறம் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்தோம். வட்ட ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடும் மேல்மூடியும் கழற்றி மூலையில் கிடந்தன. அறுபட்ட மரம் மறுபடி ஒட்டி பிளேடைக் கவ்வினால் பலகை நம்மை நோக்கிப் பாய்ந்து வரும். அதைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. இரண்டையும் திரும்பப் பொருத்தி, மரத்தைத் தள்ளும் கட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டினோம். மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காத சுவிட்சும் போட்டோம். மினுக்கும் பழைய டியூப்லைட்டை மாற்றினோம். அந்த வெளிச்சத்தில் சுழலும் பிளேடு சில நேரம் நிற்பதுபோலவே தெரியும். வயதான கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சமும் வேண்டும்.

கையுறை விஷயத்தில் நிறையப் பேச வேண்டியிருந்தது. வயதாக ஆகத் தோல் மெலிந்துபோகிறது, லேசாக உரசினாலே கிழிகிறது. அதனால் கையுறையோடு வேலை செய்யத்தான் பலருக்கும் ஆசை. ஆனால் சுழலும் மெஷினில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பலகை சுமக்கும்போது போடுங்கள், மெஷின் முன்னால் கழற்றிவிடுங்கள் என்று எழுதினோம். காதுக்கருவி போட்டிருப்பவர்களுக்கு இன்னொன்று: அது இரைச்சலிலிருந்து காதைக் காக்காது. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. ரம்பம் அதைவிட அதிகமாகவே கத்தும், காதடைப்பான் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதைச் சொன்ன பிறகு தூள் உறிஞ்சும் மெஷினைப் போடாமல் யாரும் இழைப்பதில்லை.

இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது உடல்நிலை பற்றிக் கேட்பது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்ன வெட்டிலும் ரத்தம் எளிதில் நிற்காது. இன்சுலின் போடுகிறவருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கலாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் வெல்டிங் பக்கம் போகக் கூடாது. இதெல்லாம் தெரிந்தால்தான் ஆபத்தில் உதவ முடியும். ஆனால் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னதும் பலர் மௌனமாகிவிட்டார்கள். சொன்னால் மெஷினைத் தொட விடமாட்டார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஒருவருக்கு வாரத்தில் மனிதர்களோடு பேசக் கிடைக்கும் இடமே இந்தப் பட்டறைதான் என்றால், அதை இழக்கும்படியான உண்மையை அவர் ஏன் சொல்லப்போகிறார்?

கடைசியில் உறைதான் வழி காட்டியது. நோய், மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை அவரவரே எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே பெயர் மட்டும் எழுதித் தர வேண்டும். முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருக்கிறோம். அவசரம் என்றால் மட்டுமே பிரிப்போம், மெஷின் அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உறையிலேயே அச்சடித்தோம். அதற்குப் பிறகு எல்லோருமே கொடுத்தார்கள்.

ஒத்திகையும் நடத்தினோம். ஒருவர் காயத்தைத் துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க, ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, இன்னொருவர் வாசலைத் திறந்து வைக்க வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு மூடி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. பலருக்கு இது புதுச் செய்தி.

தனியாக யாரும் மெஷினை ஓட்டக் கூடாது என்ற விதிக்கு மட்டும் இன்னும் எதிர்ப்பு இருக்கிறது. காலையில் சீக்கிரம் வருகிறவர்கள் துணைக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்காக அவர்கள் வரும் நேரத்துக்கே வர இருவரை ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். விதியைத் தளர்த்தும் எண்ணம் எனக்கு இல்லை.