சாவி கைமாறிய பிறகு

தஞ்சை மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் நகைக்கடன் பிரிவு என் பொறுப்பு. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால், குறுவைச் செலவுக்காக நகைகள் பெட்டக அறைக்குள் வரும். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் மீட்க வருவார்கள். இடையில் காதுகுத்து, கல்யாணம், கல்லூரிக் கட்டணம். ஆறு வருடங்களாக எனக்கு இதுதான் நாள்காட்டி.

போன வருடம் மாசியில், நகை மீட்க வந்த ஒரு பாட்டியிடம் எரிந்து விழுந்துவிட்டேன். பேத்தியின் வளைகாப்புக்காக இரட்டைவடச் சங்கிலியை மீட்டிருந்தார். பையின் முத்திரையை அவர் கண்முன்னே உடைத்து, எடை காட்டி, கைநாட்டும் வாங்கியாகிவிட்டது. கொக்கியை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார். கேட்டது நியாயம்தான். "எத்தனை தடவை காட்டுவது?" என்று நான் போட்ட சத்தத்தில் கவுண்டரில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பாட்டி கோபப்படவில்லை. சங்கிலியை முந்தானையில் முடிந்துகொண்டே, "உடம்புக்கு முடியவில்லையா தாயி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை மருத்துவரிடம் அனுப்பியது. அதற்கு முன்பே அறிகுறிகள் எல்லாம் இருந்தன. ஞாயிறு மாலை நான்கு மணிக்கே வயிற்றைப் பிசையும். எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தாலும் அடித்துப் போட்டதுபோல எழுவேன். ஒரே கூட்டலை மூன்று முறை போட்டுப் பார்ப்பேன். எல்லாவற்றையும்விட, வருகிறவர்களின் முகம் மறைந்து பை எண் மட்டும் தெரியத் தொடங்கியிருந்தது.

மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை; எனக்கு 9.4. இரும்புச்சத்து மாத்திரை தந்து, அதை டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்றார். சோர்வாக இருக்கிறது என்று சொல்லும் எந்தத் தோழியையும் நான் இப்போது முதலில் இந்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்புகிறேன். எல்லாம் மனசுதான் என்று உடம்பைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு.

ரத்தம் ஏறியும் மனம் ஏறவில்லை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, மொட்டைமாடியில் நின்று 14416-ஐ அழைத்தேன். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். எதிர்முனையில் இருந்த பெண் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பார்க்கச் சொன்னார்.

அந்த மனநல மருத்துவர்தான் இதற்குப் பணிச்சோர்வு என்று பெயர் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இது நோயாக இல்லை. வேலை சார்ந்த ஒரு நிலையாகத்தான் வருகிறது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்யும் வேலையில் திறன் குறைவது என்று மூன்று அடையாளங்கள். பை எண்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த விளக்கம் அலுவலக வாசலோடு நின்றுவிடுகிறது. என் நாள் அங்கே முடிவதில்லை. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். காலை ஒன்பதரைக்கு நான் பெட்டக அறையைத் திறக்கும்போது என் கணக்கில் அதில் பாதிக்கு மேல் கழிந்திருக்கும்.

சான்றிதழ் கொடுத்துப் பதினைந்து நாள் மருத்துவ விடுப்பு எடுத்தேன். பயனில்லை. "அந்தப் பதிவேடு எங்கே மேடம்?" என்று தினமும் போன் வந்தது. வீட்டிலோ, சும்மாதானே இருக்கிறாய் என்று பரண் சுத்தம் செய்தாயிற்று, மிளகாய் காயவைத்தாயிற்று, விருந்தாளிகளும் வந்து போயினர்.

என்னை மீட்டது எதிர்பாராத ஒன்று. முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியர்களை, முன்னறிவிப்பு இல்லாமல், ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்காவது கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த நாட்களில் அலுவலகக் கணினி அமைப்புக்குள் நுழையவும் முடியாது. முறைகேடு ஏதேனும் இருந்தால் வெளியே வரட்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. ஆடியில் ஒரு காலை அந்தக் கடிதம் எனக்கு வந்தது. பெட்டகச் சாவியை எண்ணி, சாவிப் பதிவேட்டில் நேரம் எழுதி, கொடுத்தேன் என்று நானும் பெற்றுக்கொண்டேன் என்று பொறுப்பேற்க வந்தவரும் கையெழுத்திட்டோம். கைப்பையின் உள்ளறையில் அந்தச் சாவியின் கனம் இல்லாமல் வெளியே வந்தபோது தோள் லேசாக இருந்தது. உண்மையாகவே உடம்பில் உணர்ந்தேன். ஒரு போன்கூட வரவில்லை. மூன்றாம் நாள் பகல் பதினொன்றுக்குத் தூங்கி, மூன்று மணிக்கு எழுந்தேன்.

வீட்டில் அப்படி ஒரு பதிவேடு இருந்ததே இல்லை. என் கணவர் நல்லவர், கேட்டால் செய்வார். ஆனால் கேட்க வேண்டும். சாவி என் கையில்தான் இருக்கும். அவர் கதவைத் தள்ளிவிடுவார். பழைய நோட்டு ஒன்றில் வீட்டு வேலைகளை எழுதினேன். 61 வந்தது. அதில் பாதிக்கு மேல் நினைவு வைத்துக்கொள்ளும் வேலைகள்: சிலிண்டர் பதிவு, பரீட்சைக் கட்டணத்தின் கடைசித் தேதி, மாமாவின் ரத்த அழுத்த மாத்திரை தீரும் நாள், மாவுக்கு அரிசி ஊறப்போடுவது. அவர் படித்துவிட்டு, "சொல்லியிருந்தால் செய்திருப்பேனே" என்றார். "சொல்வதும் அந்த 61-இல் ஒன்று" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனா எடுத்து 23 வேலைகளுக்கு எதிரே தன் பெயரை எழுதினார்.

அதன்பின் கடினமான பகுதி என்னுடையது. முதல் வாரம் அரிசி ஊறவில்லை. எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் காலையில் உப்புமா. அத்தை முகம் சுளித்தார். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார்கள்.

முழுதாகத் தேற எட்டு மாதம் ஆயிற்று. நடுவில் ஆண்டு முடிவுக் கணக்கின்போது மறுபடி சரிந்தேன். மேலாளரிடம் எழுத்தில் கேட்டு, பெட்டகப் பொறுப்பைச் சக அதிகாரியோடு மாதம் விட்டு மாதம் மாற்றிக்கொண்டேன். வாயால் கேட்டபோது மூன்று முறை தள்ளிப்போன விஷயம் அது. மருத்துவரிடம் இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன்.

நேற்று மாமாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்தேன். புது அட்டை இரண்டு இருந்தன. கணவர் எப்போது வாங்கி வைத்தார் என்று எனக்குத் தெரியாது.