பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவது

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் லெந்து காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களுக்கு, ஒரு தலைப்பு எடுத்தார்கள்: இஸ்லாமிய அயலாரோடு நட்பு. நல்ல தலைப்பு. போத்தனூரில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? ஆனால் போர்டில் எழுதிய யோசனைகளைப் படிக்கப் படிக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. மருத்துவ முகாம். பிள்ளைகளுக்கு இலவச டியூஷன். ரம்ஜானுக்கு அரிசி, பருப்புப் பை. கிறிஸ்துமஸுக்குக் கேக். எல்லாம் நாம் கொடுப்பது. அவர்களிடம் நாம் போய் வாங்குவது என்று ஒரு வரிகூட இல்லை.

அன்றைக்கு எழுந்து நின்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கொடுத்துக்கொண்டே இருப்பவரோடு யாரும் சிநேகமாக இருக்க முடியாது. அவரைக் கண்டால் எழுந்து நிற்கலாம், நன்றி சொல்லலாம், அதோடு சரி. பக்கத்து வீட்டில் போய் நின்று ஒன்றைக் கேட்டு வாங்கினால்தான் பழக்கம் தொடங்கும்.

யோவான் 4-ஆம் அதிகாரத்தை நாம் எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! யூதர்கள் சமாரியரோடு அன்னம் தண்ணீர் புழங்காத காலம். கிணற்றடியில் களைத்து உட்கார்ந்த இயேசு அந்தப் பெண்ணுக்கு எதையும் கொடுப்பதற்கு முன்னால், அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மொண்டு கொடுக்கப் பாத்திரம்கூட அவரிடம் இல்லை. லூக்கா 10-இல் எழுபது பேரை அனுப்பும்போதும் பணப்பை வேண்டாம், போகிற வீட்டில் வைப்பதைச் சாப்பிடுங்கள் என்றுதான் அனுப்பினார். கையை வீசிக்கொண்டு போகிறவன் அந்த வீட்டுக்காரர்களை நம்பித்தானே ஆக வேண்டும். நாம் பை பையாகத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

வெளியூர்க்காரர்களுக்குப் போத்தனூரைப் பற்றி ஒரு வார்த்தை. இது கோயமுத்தூரில் ரயில் உண்டாக்கிய ஊர். 1862-லேயே இங்கே ரயில் வந்துவிட்டது. எங்கள் ஸ்டேஷன் கோயமுத்தூர் ஜங்ஷனைவிடப் பழசு. ரயில்வே வேலைக்கென்று வந்த ஆங்கிலோ இந்தியர்கள், தமிழ்க் கிறிஸ்தவர்கள், மலையாளிகள், தமிழ் பேசும் முஸ்லிம்களான ராவுத்தர்கள், உருது பேசுகிறவர்கள் என்று எல்லோரும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறோம். காலையில் பாங்கும் சர்ச் மணியும் ஒரே காற்றில்தான் வருகின்றன. அடுத்தடுத்து இருப்பதாலேயே பழகிவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். 1997 நவம்பர் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் போனார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் போனார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. அதன்பிறகு, முஸ்லிம்கள் நிறைய இருக்கிற கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச்சாவடிகள் வெகுகாலம் இருந்தன. மனசுக்குள் போட்ட சாவடிகள் அதைவிட அதிக நாள் இருந்தன. டவுனில் கலந்திருந்த குடும்பங்கள் தங்கள் ஆட்கள் இருக்கும் பக்கமாகப் பார்த்து ஒதுங்கின. 2022 அக்டோபர் 23 அன்று உக்கடம் கோட்டை ஈசுவரன் கோயில் முன்னால் கார் வெடித்தபோது, திரும்பவும் அந்த நாள் வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் அடிவயிறு கலங்கியது. கோட்டைமேட்டு ஜமாத்தார்கள் சில நாளில் அந்தக் கோயிலுக்கே நடந்து போய் அங்குள்ளவர்களைப் பார்த்துப் பேசினார்கள். எனக்கு அது பெரிய காரியமாகப் பட்டது. யாரையும் தங்கள் இடத்துக்கு வரச் சொல்லவில்லை, தாங்களே போனார்கள்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ராவுத்தர் குடும்பம். வீட்டம்மா என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். பிள்ளைகளையும் சேர்த்து அதட்டும்போது மட்டும் நானும் 'கண்ணு' ஆகிவிடுவேன்.

ரமலான் மாதத்தில் அசர் என்கிற பிற்பகல் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். அரசாங்கம் பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. மற்றதெல்லாம் ஜமாத்துக்காரர்கள் போடுவது. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கொஞ்சம் கைமா, இறக்குகிற நேரத்தில் தேங்காய்ப்பால், மேலே மல்லி புதினா. அண்டாவுக்குள் ஆள் உயரக் கரண்டியை விட்டு அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். நான் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அக்காவின் பேரனோடு போய் அந்த வரிசையில் நிற்பேன். வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறேன் என்று அக்கா எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். நான்தான் போகிறேன். வரிசையில் நிற்கிறபோது நான் ரிட்டயர்டு டீச்சரும் இல்லை, சபை மெம்பரும் இல்லை. கஞ்சிக்கு வந்த ஒரு ஆள். என்னிடம் படித்த பையன் ஒருவன் ஊற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு, "டீச்சர், போசியை இன்னுங் கொஞ்சம் கிட்டப் புடிங்க" என்று அதட்டினான். எனக்கு அன்றைக்கு முழுக்க சந்தோஷம்.

2025-இல் மார்ச் 2 அன்று ரமலான் தொடங்கியது, 5-ஆம் தேதி எங்கள் லெந்து தொடங்குகிற சாம்பல் புதன். இரண்டு நோன்பும் ஒன்றாக ஓடின. வெள்ளிக்கிழமைகளில் நான் சாயங்காலம் வரை சாப்பிடுவதில்லை. அந்த நாட்களில் அக்கா வீட்டில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் எடுத்துத்தான் நானும் நோன்பு திறந்தேன். அவர் தண்ணீர்கூட வாயில் படாமல் இருப்பவர். என்னுடையது அவ்வளவு கடுமை இல்லை. அதைச் சொன்னபோது, "நிய்யத்துதானுங்க டீச்சர் முக்கியம்", மனசில் வைக்கிற எண்ணம்தான் முக்கியம் என்று முடித்துவிட்டார்.

வாங்குகிறவளுக்குத்தான் எப்படிக் கொடுப்பது என்றும் தெரியும். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழங்களை அக்டோபரிலேயே ரம்மில் ஊறவைப்பது வழக்கம். அது அவர்களுக்கு ஆகாது. அதனால் இன்னொரு ஜாடியில் ஆரஞ்சு ஜூஸில் தனியாக ஊறப்போடுவேன். எசன்ஸ் பாட்டிலிலும் ஆல்கஹால் கலந்திருக்கும் என்பதால் அந்தக் கேக்குக்கு ஏலக்காய்தான் தட்டிப்போடுவது. டின் மாறிவிடாமல் இருக்கச் சிவப்பு நூல் கட்டுவேன். பன்றிக்கறி ஆக்குகிற சட்டி எங்கள் வீட்டில் வெளிப்பரணில் தனியாக இருக்கிறது. அதை அக்காவிடம் மறைத்ததில்லை. அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் கறி பாய் கடையில் எடுத்ததாக இருக்கும், பாத்திரம் புதிதாக இருக்கும். இதெல்லாம் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வருகிற ஒறம்பரைக்கு, அதாவது உறவுக்காரருக்கு, சர்க்கரை நோய் இருந்தால் காபியில் சக்கரை போடாமல் கொடுக்கிறோமே, அந்த மாதிரிதான். அக்கா வீட்டு உறவில் ஒருவர், வேதக்காரர் வீட்டில் கை நனைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அக்கா பதிலே சொல்லவில்லை. அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது நான் முதலில் தட்டியது அந்தக் கதவைத்தான். அக்காவின் வீட்டுக்காரர் பாய் லுங்கியோடேயே வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை நின்றார். காப்பாற்ற முடியவில்லை. சபையார் வந்து பாட்டுப் பாடினார்கள், ஜெபித்தார்கள். அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் என் கேஸ் சிலிண்டரை மூடி, "இந்த வாரத்துக்கு இதைத் தொறக்காதீங்க, எல்லாம் நம்மூட்டிலிருந்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒறம்பரை அத்தனை பேருக்கும் மூன்று வேளையும் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் பாய் தொப்பியோடு மண்ணள்ளிப் போட்டது என் மைத்துனர்கள் இன்றைக்கும் சொல்கிற விஷயம்.

பாயும் பிறகு போய்ச் சேர்ந்தார். அக்கா இத்தாவில் உட்கார்ந்தார். கணவன் இறந்த பெண் 4 மாதம் 10 நாள் காத்திருக்க வேண்டும் என்று குர்ஆனின் 2-ஆவது அத்தியாயத்தில் இருக்கிறது. அவசியம் என்றால் வெளியே போகலாமாம். ஆனால் அக்கா படி இறங்கவில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்கில் நாமினி பேப்பர் எல்லாம் வரிசையாக நின்றன. அந்த வழி முழுக்க நான் ஏற்கெனவே நடந்தவள். இ-சேவை மையத்தில் எந்தக் காகிதத்தை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும், வி.ஏ.ஓ. எதைக் கேட்பார், தாசில்தார் ஆபீஸில் எங்கே முடிச்சு விழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அக்காவின் பெயர் ரேஷன் கார்டில் பீவி என்று முடிந்தது, ஆதாரில் பேகம் என்று முடிந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் எழுதி வாங்கி, அக்காவின் கையெழுத்துக்காக வீட்டுக்கும் ஆபீஸுக்குமாக நடந்தேன். அவர் கூச்சமே படாமல் "டீச்சர், இதையும் பாத்துக்குடுங்க" என்றார். அவர் கூச்சப்படாததற்குக் காரணம், நான் அவர் வீட்டுச் சோற்றை ஒரு வாரம் சாப்பிட்டவள். ரெண்டு பேருக்கும் நடுவில் கணக்கு எங்கே தொடங்கியது என்று சொல்லவே முடியாதபடி கலந்துபோயிருந்தது.

அந்த இத்தா மாதங்களின் சாயங்காலங்களில்தான் நாங்கள் அல்லாவையும் ஆண்டவரையும் பற்றி நிறையப் பேசினோம். மரியாள் பிரசவ வேதனையில் தனியாகப் பேரீச்ச மரத்தடியில் சாய்ந்ததை, குர்ஆனின் 19-ஆவது அத்தியாயத்தில் இருப்பதை, அக்கா சொல்வார். அந்த அத்தியாயத்தின் பெயரே மர்யம். சத்திரத்தில் இடமில்லாமல் போனதை நான் சொல்வேன். பிள்ளை பெற்ற ரெண்டு பேருக்கும் அந்தத் தனிமை விளங்கியது. சிலுவைக்கு வந்தால் நாங்கள் பிரிந்துவிடுவோம். ஈசா நபி (இயேசுவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) சிலுவையில் சாகவில்லை, அல்லா உயர்த்திக்கொண்டான் என்பார் அக்கா. அவர் மரித்தார், மூன்றாம் நாள் எழுந்தார், என் நம்பிக்கையே அதில்தான் இருக்கிறது என்பேன் நான். ரெண்டு பேரும் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. டீ ஆறிப்போகும், சூடு பண்ணிக் குடிப்போம்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு சரித்திரத்தையும் அக்காதான் எனக்குச் சொன்னார். 615-ஆம் ஆண்டு வாக்கில் மக்காவில் கொடுமை தாங்காமல் முதல் முஸ்லிம்கள் கடல் தாண்டி அபிசீனியாவுக்கு, இன்றைய எத்தியோப்பியா பக்கம், ஓடினார்கள். அங்கே நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ அரசர் அடைக்கலம் கொடுத்தார். பிடித்துக்கொண்டு போக மக்காவிலிருந்து ஆட்கள் வந்தபோது, அடைக்கலம் வந்தவர்களில் ஜாஃபர் என்பவர் அரசவையில் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டினாராம். அரசர் கண்கலங்கி, அவர்களை அனுப்ப மறுத்துவிட்டார். அக்கா வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை தெரியும். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள், "அப்போ நற்செய்தி சொல்ல வேண்டாங்களா அக்கா?" சொல்லக்கூடாது என்று யார் சொன்னது? நான் யாரை நம்புகிறேன், ஏன் நம்புகிறேன் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவருக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டுத்தான் ஜெபித்திருக்கிறேன். அவர் எனக்காக துஆ செய்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவரை மாற்றுவதற்காக நான் அவரோடு பழகினேன் என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றினால், அந்த ஒரு வாரச் சோறும் அவமானப்பட்டுப்போகும். அதை என்னால் தாங்க முடியாது.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. எங்கள் சபைக் குடும்பம் ஒன்றுக்கு மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீடு மாதக்கணக்காகக் காலியாகக் கிடக்கிறது. டூலெட் போர்டு தொங்குகிறது. பாய்மார்கள் கேட்டால் மட்டும் "ஆள் வந்தாச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். இதே கோயமுத்தூரில் எத்தனை தெருவில் இதே பதில்! நட்புக்குக் கூட்டம் போட்டு, அரிசிப் பை கட்டி, வீட்டுச் சாவியை மட்டும் மடியில் முடிந்து வைத்துக்கொண்டால் அந்தப் பைக்கு என்ன மதிப்பு?

அக்காவின் மகன் திருப்பூரை விட்டுவிட்டு அம்மாவோடு இருக்க இங்கேயே வரப்போகிறான். அக்கா வீடு சின்னது, குடும்பத்தோடு தங்க இடம் போதாது. ஜூனில் மூத்த குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் அந்த வீட்டுக்காரரிடம் சாவி கேட்கப் போகிறேன். எங்கள் ஆயரின் மனைவி ஆயரம்மாவும் என்னிடம் கேள்வி கேட்ட அந்தத் தங்கச்சியும் கூட வருகிறார்கள். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டு வரச்சொல்லி அக்கா இப்போதே நச்சரிக்கிறார்.