பொலிஸ் ஜீப்பின் வேகமும் பெட்டிசத்தில் இருக்க வேண்டிய கணக்கும்

ஹட்டன், நுவரெலியா பக்கம் பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு, எழுதிக்கொடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: பொலிஸ் வாகனத்தின் வேகம் பற்றிய முறைப்பாடுகள் பெரும்பாலும் "கண்மண் தெரியாமல் ஓட்டினார்" என்பதோடு நின்றுவிடும். "அவசரக் கடமை" என்று ஒரு வரி பதில் வந்ததும் கோப்பு மூடப்படும். ஆத்திரம் நியாயமானது. 8 வீத இறக்கத்தில், ஈரத் தாரில், மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் ஜீப் நிற்கச் சுமார் 50 மீற்றர் போதும். 70இல் வந்தால் 90 மீற்றர் ஆகும். நடைபாதையே இல்லாத அந்த ரோட்டில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் ஆத்திரத்தை மட்டும் எழுதினால் பதில் வாங்க முடியாது.

கடைவீதி சிசிடிவி ஒன்று இருந்தால் வேகத்தைக் கணக்கிடலாம். காட்சியில் தெரியும் மதகு, மின்கம்பம் போன்ற இரண்டு அடையாளங்களுக்கு இடையே டேப் பிடியுங்கள். வளைவு என்றால் ரோட்டோரமாகவே அளக்க வேண்டும். 100 மீற்றரை 5 செக்கனில் கடந்தால் மணிக்கு 72 கிலோமீற்றர். கட்டடங்கள் நிறைந்த பகுதியில் எல்லை 50. திரையில் ஓடும் கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது, அது முழுச் செக்கனைத்தான் காட்டும். 5 என்று எடுத்தது உண்மையில் 6 என்றால் வேகம் 60 ஆகிவிடும். அதனால் பிரேம்களை, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களை, எண்ணுங்கள்: செக்கனுக்கு 25 பிரேம் பதியும் கமெராவில் 125 பிரேம் என்றால் 5 செக்கன். இரண்டு கடைகளின் கமெராக்களைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டாம், கடிகாரங்கள் ஒத்துப்போகாது. பழைய பதிவு தானாகவே அழியும் என்பதால் அன்றைக்கே மூலக் கோப்பைப் பென் டிரைவில் வாங்கிவிட வேண்டும். திரையைப் போனில் படம்பிடித்தால் பிரேம் கணக்கு நிற்காது.

அடுத்தது, வண்டியே விட்டுப்போகும் காகிதம். வண்டியின் ஓட்டங்களைப் பதியும் ரன்னிங் சார்ட்டில் சாரதி பெயர், போன இடம், மீற்றர் எண், கடமை எல்லாம் இருக்கும். பொலிஸ் நிலையத்துப் புத்தகத்தில், வெளியே போனதற்கான அவுட் என்ட்ரி விழும். திகதியும் நேரமும் குறிப்பிட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டையும் கேளுங்கள், தமிழிலேயே எழுதலாம். தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் பொலிஸார் முடிவுசெய்ய வேண்டும். சாதாரணக் கடிதம் கொண்டுபோன பயணம் என்று சார்ட்டில் இருந்தால் "அவசரம்" என்ற பதில் அங்கேயே விழுந்துவிடும்.

முறைப்பாட்டை அதே நிலையத்து ஓஐசியிடம் (பொறுப்பதிகாரி) மட்டும் கொடுக்காதீர்கள். பிரிவுக்குப் பொறுப்பான எஸ்எஸ்பிக்கும் (சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர்) தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் பிரதி போகட்டும். முன் சீட்டில் இருந்த அதிகாரி யார் என்றும் அதில் கேளுங்கள். "சீக்கிரம் போ" என்று சொன்னவரை விட்டுவிட்டுச் சாரதியை மட்டும் விசாரிப்பது நியாயமில்லை.